எங்கள் ஊர் அரசாங்கக் கிளினிக்கில் மனநலச் சிகிச்சை: அண்ணனோடு ஆறு மாதம்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிற்றூரின் அரசாங்கக் கிளினிக்கிற்கு இனிப்புநீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாங்கப் போகாத வீடு இல்லை. மனச்சோர்வுக்கும் அங்கேயே சிகிச்சை உண்டு என்பது எனக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் என் அண்ணனை நான் அழைத்துச் சென்றது முதுகுவலிக்காக. ஓராண்டாக அவருக்குச் சரியான உறக்கமில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார். சம்பள நாளில் மட்டும் குடித்தவர் தினமும் குடிக்கத் தொடங்கி, மாலையில் திடலுக்குப் பந்தாட்டம் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டார். அண்ணி அதைக் குடிப்பழக்கம் என்றார், நான் திமிர் என்று நினைத்தேன். அவர் ஒருநாளும் அழாததால் அது நோயாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

வலி மாத்திரைக்கு அவர் மூன்றாவது முறையாக வந்திருப்பதைப் பதிவேட்டில் கவனித்த மருத்துவ உதவியாளர், "அண்ணே, தூக்கம் எப்படி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கிளினிக்கை நான் பரிந்துரைப்பேன்.

பிறகு மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்கும் பி.எச்.கியூ-9 படிவம், மலாய் மொழியில் அச்சிட்டது, வந்தது. கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 'சோகமாக இருந்ததா' என்பதற்கு அண்ணன் 0 என்று குறித்தார். அவர் பொய் சொல்லவில்லை, தமக்கு நேர்ந்திருப்பதற்குச் சோகம் என்று பெயர் என்பதே அவருக்குத் தெரியாது. ஆண்கள் பலரிடம் இந்நோய் கோபமாகவும் குடியாகவும் உடல்வலியாகவும் வெளிப்படுகிறது, ஆனால் அந்த 9 கேள்விகளில் கோபமும் இல்லை, குடியும் இல்லை. மருத்துவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, உதவியாளரின் தமிழ் வழியாக அவற்றையும் வாய்மொழியாகக் கேட்டறிந்தார். சாவைப் பற்றிய கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமோ என்று அண்ணன் அஞ்சியபோது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டதை விளக்கினார்களாம். அதன்பின் கூட்டிய மதிப்பெண் 16. 10ஐ எட்டினாலே கவனிக்க வேண்டிய நிலை என்றார் மருத்துவர்.

தைராய்டு கோளாறு இல்லை என்பதை இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொண்டு செர்ட்ரலின் என்னும் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாள்களில் வயிறு கலங்கும், பலன் தெரிய 2 முதல் 4 வாரமாவது ஆகும் என்று முன்கூட்டியே சொன்னதால்தான் அவர் மாத்திரையைத் தூக்கி எறியவில்லை. குடியே சோர்வை ஆழமாக்குகிறது என்பதையும் திட்டாமல் எடுத்துச் சொன்னார்கள். கட்டணம் 1 வெள்ளி.

குறைகளும் உண்டு. நிறைந்திருக்கும் கூடத்தில் பெயரோடு மனநல அறையின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். தோட்டத்து ஆள்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த ஊரில் இது பெரிய கொடுமை, முதல் தடவை அண்ணன் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். முன்பதிவு வேலைநாள் காலையில் மட்டுமே என்பதால் அரைநாள் கூலி போகிறது. தமிழ்ப் படிவமும் இல்லை.

போக நினைப்பவர்கள் அடையாள அட்டையோடு காலையிலேயே போய்விடுங்கள். முகப்பில் மனநலம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் தூக்கமில்லை என்று பதிந்தால் போதும், உள்ளே மருத்துவரிடம் மீதியைச் சொல்லலாம். கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் பேச வேண்டியிருந்தால், அவர்கள் எங்களுக்கு எழுதிக் கொடுத்த எண் 15555, சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி.