ரோசியின் கண்புரை: சென்னை போய் அறுவையா, வீட்டிலேயே பராமரிப்பா?

எங்கள் ரோசிக்கு 13 வயது. பாமரேனியன் கலப்பு. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, ஒன்றரை வருடமாக அவளுக்குப் பார்வை இல்லை. ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் எங்கள் தெரு வழியாகப் போகிறவர்கள் நின்று, "கண்ணுல பூ விழுந்துருச்சே, ஆபரேஷன் பண்ணலையா?" என்று கேட்கிறார்கள். நாங்கள் பண்ணவில்லை. யோசிக்காமல் விட்டதும் இல்லை. மூன்று மாதம் வீட்டில் பேசிப் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம். அதனால் வீட்டுப் பராமரிப்பின் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், அது புரைதானா என்று பாருங்கள். ஆறேழு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்குக் கண்ணின் லென்ஸ் இறுகி நீலச் சாம்பல் படர்ந்தது போல ஆகும். அது வயதின் மாற்றம், பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. ரோசிக்கு ஒன்பது வயதில் அப்படித்தான் ஆனது. நான் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். இரவில் வெளிச்சம் பட்டால் நாயின் கண் பச்சையாக மின்னுமே, அந்த மின்னல் மங்கலுக்குள்ளிருந்தும் திரும்பி வந்தது. புரை என்றால் அந்த ஒளியை மறித்துவிடும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், வயது மங்கல் இளம் நுங்கு மாதிரி, அந்தப் பக்கம் தெரியும். முற்றிய புரை தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை. ரோசிக்குப் பதினோரு வயதில் வலது கண்ணில் அந்த வெள்ளை வந்தது, ஆறு மாதத்தில் இடது கண்ணிலும்.

கூடவே சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வருடத்துக்குள் புரை வந்துவிடுகிறது, சிலவற்றுக்குச் சில நாட்களிலேயே. தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது என்றால் கண்ணுக்கு முன்னால் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ரோசிக்குச் சர்க்கரை இல்லை.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று ஆன்லைனில் விற்பதை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்கிறார்கள். எந்தச் சொட்டும் புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்படவில்லை. தும்பைப்பூச் சாறு, தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள். அவ்வளவுதான், இதில் மேற்கொண்டு சொல்ல எதுவுமில்லை.

சரி, அறுவைக்கு வருவோம். பார்வை திரும்ப வேண்டுமென்றால் அது ஒன்றுதான் வழி. மனிதருக்குச் செய்வது போலவே அல்ட்ராசவுண்ட் அதிர்வால் லென்ஸை நொறுக்கி உறிஞ்சி எடுத்து, முடிந்தால் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். நாயின் லென்ஸ் மனிதருடையதைவிடப் பெரியது, அதற்குத் தேவையான செயற்கை லென்ஸின் சக்தியும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தகுந்த நாயைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் பத்தில் எட்டு ஒன்பதுக்குப் பார்வை கிடைக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கண் பிரிவே இருக்கிறது, தனியாரிடமும் செய்கிறார்கள். தனியாரிடம் போனால் செலவு பல பத்தாயிரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு மதுரையில் கண்புரை எடுத்தோம். மறுநாளே வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் மீன் ஆய்ந்தார். அதைப் பார்த்தவர்கள்தான் ரோசிக்கும் அப்படியே எடுத்துவிடலாமே என்கிறார்கள். அப்படியே இல்லை. அம்மாவுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். நாய்க்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும், அதற்கு இதயம், சிறுநீரகம் எல்லாம் சோதிக்க வேண்டும். விழித்திரை உயிரோடு இருக்கிறதா என்று தனியாக ஒரு மின்சோதனை. அது கெட்டிருந்தால் புரையை எடுத்தும் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாயின் கண் மனிதக் கண்ணைவிடப் பல மடங்கு அழற்சி காட்டும். அந்த அழற்சியை அடக்கத்தான் அறுவைக்குப் பின் அத்தனை மருந்து. எங்கள் முடிவே இந்த இடத்தில்தான் இருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சில வாரங்களுக்கு மூன்று நான்கு வகைச் சொட்டு, ஒவ்வொன்றும் நாளைக்கு நான்கு முதல் ஆறு தடவை. ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் ஐந்து நிமிடமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொட்டை இரண்டாவது கழுவிவிடும். குறைந்த கணக்காக மூன்று மருந்து, நாலு வேளை என்றாலும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 24 சொட்டு. பிறகு மெல்லக் குறைப்பார்கள், ஆனால் மாதக்கணக்கில் போகும், சில நாய்களுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது ஒன்று தொடரும். கழுத்தில் கூம்பு மாட்டியிருக்க வேண்டும், குதிக்கக் கூடாது, குரைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இதில் நாலு நாள் தவறினால் அழற்சி ஏறும், கண் அழுத்தம் ஏறும், எடுத்த பார்வை திரும்பப் போய்விடலாம்.

இதை எங்கள் வீட்டில் யார் செய்வது? நான் ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன், காலை எட்டரைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவேன். அண்ணன் விசைப்படகில் போகிறவர், வாரம் மூன்று நாள் கடல். மீதி அம்மா. ஒருநாள் வெறும் தண்ணீர்ச் சொட்டை வைத்து அவரிடம் ஒத்திகை பார்த்தோம். ரோசி தலையை ஒரு திருப்புத் திருப்பியதும் குப்பியின் நுனி கண்ணில் இடிக்கப் போனது. "எனக்குக் கை நடுங்குதுத்தா, இந்தப் பாவத்த என் தலையில வைக்காத" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். நான் வீட்டில் இருப்பது காலையும் இரவும் மட்டும். நடுவில் இரண்டு வேளைக்குக் கை இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் செய்யலாமே என்று அண்ணன் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு கரையில்தான் நிற்கும், அவர் வீட்டில் இருப்பார். நல்ல யோசனை, நானும் பாதி மனதாக இருந்தேன். ஆனால் வருமானம் இல்லாத இரண்டு மாதமும் அதுதான். அதோடு மே கடைசியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் எங்கள் முற்றத்தில் கண் உள்ளவர்களே கண்ணைத் திறக்க முடியாது, மணல் அப்படிப் பறக்கும். மறுசோதனைக்கு மறுநாள், ஒரு வாரம், சில வாரம், பிறகு சில மாதத்துக்கு ஒரு தடவை என்று போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் போக 550 கிலோமீட்டர், வர 550. முதல் சில வாரங்களுக்குச் சென்னையில் தங்க உறவினர் வீடு இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வீட்டுப் பராமரிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். முற்றிய புரையிலிருந்து புரதம் கசிந்து கண்ணுக்குள் அழற்சியைக் கிளப்பும். அதைக் கவனிக்காவிட்டால் கண் அழுத்த நோய் வரும், லென்ஸ் இடம் பெயரலாம், நாய் வலியில் கிடக்கும். அதனால் சொட்டு இங்கேயும் உண்டு. ரோசிக்கு அழற்சி அடக்கும் சொட்டு ஒன்று, காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை. என் கை இருக்கும் இரண்டு வேளை அதுதான். அவளைப் பின்பக்கமாக முழங்காலுக்கிடையில் உட்கார வைத்து, தாடையை உள்ளங்கையில் தாங்கி மூக்கைச் சற்று மேலே தூக்கி, நெற்றிப் பக்கமிருந்து மேல் இமையை விலக்கி விடுவேன். "கண்ணு" என்று சொன்னால் அவளே வந்து முதுகைக் காட்டி உட்காருகிறாள். முடிந்ததும் அவித்த சூடை மீன், முள் எடுத்தது, ஒரு துண்டு.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குக் கொண்டுபோய்க் கண் அழுத்தம் பார்க்கிறோம். எங்கள் பக்கத்தில் அந்தக் கருவி கிடைக்காதது இந்த வழியின் பெரிய குறை. இடையில் கண் சிவந்தாலோ, கண்ணைச் சுருக்கினாலோ, நீலம் பாய்ந்து விழி பெருத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டும். அழுத்தம் ஏறிய கண்ணுக்கு ஒரு நாள் தாமதமே அதிகம்.

மீதியெல்லாம் வீட்டை அவளுக்காக மாற்றாமல் வைத்திருப்பதுதான். ஐஸ் பெட்டி, கூடை, வலைக் குவியல் எதுவும் அவள் நடக்கும் தடத்தில் வருவதில்லை. வாசல் படியில் சாக்கை விரித்திருக்கிறோம், கால் சாக்கில் பட்டால் படி என்று தெரிந்துகொள்கிறாள். தண்ணீர்ச் சட்டி அதே மூலை. தொடுவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். கிணற்றடிக்குப் பலகை மறிப்பு. முதல் மாதம் சுவரில் முட்டினாள், சுணங்கிப் படுத்தே கிடந்தாள். ஒவ்வொரு கண்ணாக மெல்ல மங்கியதால் பழகவும் அவளுக்குக் காலம் கிடைத்தது. இப்போது அண்ணன் கடலிலிருந்து வந்தால் தெருமுனையில் அவர் திரும்பும்போதே மூக்கைத் தூக்கி எழுந்து நிற்கிறாள்.

ஒருநாள் தவறு நடந்தது. கொல்லைக் கதவை நான் சாத்தவில்லை. அவள் வாசனை பிடித்துப் போய் சீமைக்கருவேல வேலிக்குள் தலையை விட்டுவிட்டாள். இடது கண் மூடியபடி நீர் ஒழுகிக்கொண்டே திரும்பி வந்தாள். டாக்டர் ஆரஞ்சு நிறத் தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு நீல விளக்கு அடித்தார், கருவிழி மேல் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு பச்சையாக ஒளிர்ந்தது. அப்போது அவளுக்கு ஸ்டீராய்டு சொட்டு போய்க்கொண்டிருந்தது. கருவிழியில் புண் இருக்கும்போது அதை விட்டால் புண் ஆறாது, ஆழமாகிவிடும். உடனே நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார். புண் ஆறிய பிறகு ஸ்டீராய்டு இல்லாத சொட்டுக்கு மாறிவிட்டோம். கண் தெரியாத நாய்க்கு முள் வேலி எவ்வளவு பெரிய எதிரி என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போது வேலி ஓரம் பனைமட்டை வரிந்து கட்டியிருக்கிறது.

அறுவை செய்த நாயை நான் வளர்த்ததில்லை. அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதில் என் பேச்சுக்கு எடை குறைவுதான். ரோசிக்குப் பார்வை திரும்பியிருந்தால் கடற்கரையில் நண்டு துரத்தியிருப்பாள் என்று நினைத்து அழுத ராத்திரிகள் உண்டு. உங்கள் நாய்க்கு ஏழெட்டு வயதுதான், உடம்பு நன்றாக இருக்கிறது, வீட்டில் பகல் முழுக்க நடுங்காத கை ஒன்று இருக்கிறது என்றால் அறுவைக்கே போங்கள். போவதானால் சீக்கிரம் போங்கள். முற்றி அழற்சி பிடித்த கண்ணைவிட, புரை தொடங்கிய நிலையில் எடுப்பது நன்றாக அமைகிறது. சர்க்கரையால் திடீரென்று பார்வை போன நாயானால், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துகொண்டே கண் டாக்டரையும் உடனே பாருங்கள்.

போன தடவை மதுரையில் ரோசியின் இடது கண் அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கும் ஒரு சொட்டு சேர்த்திருக்கிறார்கள், அதுவும் இரண்டு வேளைதான். மருந்துக்கு அடங்காமல் வலி வந்தால் அந்தக் கண்ணை எடுத்துவிடச் சம்மதம் என்று அம்மாவும் அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அது சில மணி நேர வேலை, பத்துப் பதினான்கு நாளில் தையல் பிரித்துவிடுவார்கள். அவ்வளவு நாளைக்குக் கடையில் லீவு கேட்டால் கொடுப்பார்கள், கேட்டுவிட்டேன்.