மேடை இருட்டில் ஆறு ஆண்டுகள்: என் 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ்

நாடகம், நடனம் என்று மேடை நிகழ்ச்சிகளைப் படமெடுக்க ஆறு ஆண்டுகளாக நான் அதிகம் நம்பியிருப்பது ஜூம் ஆகாத ஒரு 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸை (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்). கேமரா ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவுள்ள சென்சார். வாங்கும்போது என் கணக்கு எளிமையானது: அரங்கு இருட்டு, ஆகவே வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் லென்ஸ் வேண்டும். அது பாதிதான் சரி. என் படங்களைக் கெடுத்தது பெரும்பாலும் இருட்டு இல்லை. இருட்டுக்கு நடுவில் நடிகர் மேல் விழும் அந்த ஒரு வட்ட வெளிச்சம்.

கறுப்புத் திரைக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். படத்தின் முக்கால்வாசி கறுப்பு. கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் அதைப் பார்த்துப் பதறி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கூட்டிவிடும். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துப்போகும். முதல் வருடம் இப்படி எத்தனை முகங்களை இழந்தேன் என்று எண்ணவில்லை. இப்போது எல்லாமே மேனுவல்தான். எஃப் 2, ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 3200 என்று ஆரம்பித்து, முகத்தில் மிகப் பளிச்சென்று இருக்கும் இடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். ரா ஃபைலில், அதாவது கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பில், நிழலைப் பிறகு தூக்கிவிடலாம். வெந்துபோன கன்னம் திரும்பி வராது.

எஃப் 2.8 ஜூமோடு ஒப்பிட்டால் இந்த லென்ஸ் ஏறக்குறைய ஒன்றேகால் ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). அதாவது ஐஎஸ்ஓ 6400 கேட்கும் காட்சியை 2500 அளவில் எடுத்துவிடலாம். ஆனால் ஐஎஸ்ஓ ஏறினால் வரும் நாய்ஸுக்கு, அந்தப் புள்ளிகளுக்கு, அவ்வளவு பயப்படத் தேவையில்லை என்பது இப்போதைய என் கட்சி. புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தை யாரும் குறை சொன்னதில்லை; கை அசைந்து குழம்பிய படத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வசனம் பேசி நிற்பவருக்கு 1/160 போதும். தாவும் நடனக் கலைஞருக்கு 1/500க்குக் கீழே போவதில்லை, உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோல் தோன்றும் இடத்தைப் பிடிக்கத் தெரிந்தால் தவிர.

லாபத்துக்கு விலையும் உண்டு. 5 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் துல்லியமாக இருக்கும் ஆழம் சுமார் 37 சென்டிமீட்டர்தான். இருவர் முன்னும் பின்னுமாக நின்றால் ஒருவர் கரைந்துபோவார். அதனால் தனி ஆளுக்கு எஃப் 2, ஜோடிக்கு எஃப் 2.8. பிறகு எதற்கு எஃப் 1.8 வாங்கினாய் என்று கேட்டால், நியாயமான கேள்விதான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது நீல எல்இடி. ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருக்கும், திரையிலும் குறை தெரியாது. வீட்டில் திறந்தால் மூக்கும் கன்னமும் பிரிக்க முடியாத ஒரே நீலத் தட்டு. படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பதிவாகும்; அதில் நீல சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும்; சராசரி காட்டும் ஹிஸ்டோகிராமில் அது தெரியாது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமுக்கு மாறிய பிறகுதான் புரிந்தது. நீலமோ அடர்சிவப்போ வந்தால் ஒரு ஸ்டாப் குறைப்பேன், இல்லையென்றால் அடுத்த விளக்குக்குக் காத்திருப்பேன். கறுப்பு வெள்ளையாக்கித் தப்பிக்கலாம் என்பதெல்லாம் சேனல் வழியாதவரைதான்.

அதே எல்இடி ஷட்டரையும் வம்புக்கு இழுக்கும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். கேமராவின் ஃபிளிக்கர் (விளக்குத் துடிப்பு) தடுப்பு, வீட்டு மின்சாரத்தின் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் துடிப்பைக் கண்டுபிடிக்கும். மங்கலாக்குவதற்காக அதைவிட வேகமாக அணைந்து எரியும் மேடை விளக்கிடம் கையைப் பிசையும். சரி, மெக்கானிக்கல் ஷட்டர் என்றால், சோகக் காட்சியில் 'டக்' என்ற சத்தத்துக்கு முன்வரிசை திரும்பிப் பார்க்கிறது. என் சமாதானம் இதுதான்: இசை ஏறும்போதும் சிரிப்பு எழும்போதும் கைதட்டலிலும் எடுக்கிறேன், மௌனத்தில் கேமரா மடியில். நல்ல படங்கள் சில அந்த மௌனத்தில்தான் போயின. ஃபிளாஷ் பற்றிப் பேசவே வேண்டாம். ஃபோகஸுக்கு உதவ எரியும் அந்தச் சின்ன விளக்கையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

லென்ஸின் குறைகள்? முழுதாகத் திறந்தால், பின்விளக்கு பட்ட தலைமுடி ஓரத்தில் ஊதா, பச்சைக் கசிவு. விளக்கு நேராக உள்ளே பார்த்தால் பேய்ப் பொட்டுகள். கறுப்பு உடையில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும். சட்டைக் காலர் மாதிரி வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஓரத்தைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். 6 மீட்டரில் செங்குத்தாகப் பிடித்தால் சுமார் இரண்டரை மீட்டர் உயரம் அடங்கும், தூக்கிய கையோடு ஓர் ஆள். பத்தாவது வரிசைக்குத் தள்ளப்பட்டால் ஜூம் வைத்திருப்பவரைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். ஆனால் ஒன்றரை கிலோ ஜூமை இரண்டு மணி நேரம் தூக்கிய தோளிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

முடிந்தால் முழு ஒப்பனை ஒத்திகைக்கே போய்விடுகிறேன். விளக்குகள் அதேதான், ஷட்டர் சத்தத்துக்கு யாரும் திரும்புவதில்லை, நடந்து இடம் மாறலாம். அப்புறம், இருட்டில் இதுவரை மூன்று லென்ஸ் மூடிகளைத் தொலைத்திருக்கிறேன்; ஒத்திகையில் மட்டும்தான் நாற்காலிக்கு அடியில் குனிந்து தேட முடிகிறது.