டூலாவின் முதல் சந்திப்பு: வீட்டிலா, காபி ஷாப்பிலா, வீடியோ காலிலா?

டூலா, அதாவது பிரசவத்தின்போது கூடவே இருந்து தைரியம் சொல்லும் துணைப்பெண், ஆவதற்கான பயிற்சி முடித்த சில வாரங்களில் அந்த முதல் போன் வரும். "அக்கா, எனக்கு இப்போ ஏழாம் மாசம். உங்களை ஒரு தடவை பார்த்துப் பேசணும். எங்க வரட்டும்?" சென்னையில் இந்த வேலையைத் தொடங்கிய வருடம், இந்தக் கேள்வி வந்தபோதெல்லாம் அந்த நேரத்துக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுவேன். எங்கே சந்திக்கிறோம், எதைக் கையில் எடுத்துப் போகிறோம் என்பதை வைத்தே அந்தப் பெண் நம்மிடம் மனம் திறப்பாளா மாட்டாளா என்பது தெரிந்துவிடுகிறது. இது எனக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அவ்வளவு நாள் ஆகவேண்டியதில்லை.

எங்கே சந்திப்பது

காபி ஷாப் இரண்டு தரப்புக்கும் வசதி. முன்பின் தெரியாத வீட்டுக்குள் போகவேண்டாம், அவர்களும் வீட்டைக் கூட்டித் துடைத்துத் தயார் செய்யவேண்டாம். ஆனால் முப்பது வாரக் கர்ப்பிணியை முதுகுக்குச் சாய்மானம் இல்லாத நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். இருபதாவது நிமிடமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிவாள். பக்கத்து மேசையில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது, முந்தைய கர்ப்பம் கலைந்ததையோ மூலத் தொந்தரவையோ எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். பேச்சு இனிமையாக முடியும், விஷயம் மட்டும் வெளியே வந்திருக்காது.

வீட்டுச் சந்திப்பில் கிடைப்பது வேறு எங்கேயும் கிடைக்காது. வலி ஆரம்பித்தபின் முதல் சில மணி நேரம் அவள் இருக்கப்போவது அங்கேதான். நடக்க இடம் இருக்கிறதா, வெந்நீர் ஊற்றிக் குளிக்கப் பாத்ரூம் தோதாக இருக்கிறதா, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியா, எல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம். முடிவெடுக்கிறவர்களும் அங்கேதான் இருப்பார்கள். நம் ஊரில் டூலா வைத்துக்கொள்வது கணவன் மனைவி இருவர் மட்டும் எடுக்கும் முடிவு இல்லை. அம்மாவுக்கும் மாமியாருக்கும் "யார் இந்தப் பொண்ணு, எதுக்கு வருது" என்று புரியவேண்டும்.

ஆனால் அதே வீட்டில்தான் அவள் வாய் பூட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் நான் எதைக் கேட்டாலும் மாமியாரே பதில் சொன்னார். "அவளுக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, தைரியமான பொண்ணு." அவர் காபி போட உள்ளே போனபோது அந்தப் பெண் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "லேபர் வார்டுல தனியா விட்டுடுவாங்களோன்னு இருக்குக்கா" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் டம்ளர் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தாள்.

வீடியோ காலில் இந்தச் சிக்கல் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம், பெங்களூரில் வேலை பார்க்கும் கணவரும் சேர்ந்துகொள்ளலாம். நமக்கும் வேளச்சேரியிலிருந்து அண்ணா நகர் வரை போய்வரும் அரை நாள் மிச்சம். ஆனால் திரையில் தெரிவது முகம் மட்டும். பேசும்போது அவள் கை வயிற்றில் எங்கே போகிறது, கணவர் அவள் பக்கம் திரும்புகிறாரா, எதுவும் தெரியாது.

நான் இப்போது செய்வது: முதலில் தம்பதியோடு மட்டும் அரை மணி நேரம் வீடியோ கால். அது சரியாகப் போனால் அடுத்த வாரம் வீட்டுக்கு. ஒரே ஒரு சந்திப்புக்குத்தான் வழி என்றால் வீட்டையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் "ஒரு பத்து நிமிஷம் நாம ரெண்டு பேரும் தனியாப் பேசணும்மா" என்று போனிலேயே சொல்லி வைத்துவிடுவேன். பகல் நேரத்தில் மட்டும் போங்கள், போகுமிடத்தின் லொகேஷனை உங்கள் வீட்டில் யாருக்காவது அனுப்பிவிட்டுப் போங்கள்.

நாம் பேசுவதா, கேட்பதா

பயிற்சி முடித்த சூட்டில் நாம் கொண்டுபோவது பேச்சைத்தான். நானும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். டூலா என்பது கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று பொருள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட தொகுப்பு, பல நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை அலசி, பிரசவம் முழுவதும் ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது என்று சொல்கிறது. எல்லாம் உண்மை, எல்லாம் சொல்லவேண்டியதுதான். ஆனால் எப்போது சொல்கிறோம் என்று இருக்கிறது.

ஒரு வீட்டில் நாற்பது நிமிடம் இதையெல்லாம் பேசினேன். நன்றாகக் கேட்டார்கள். கிளம்பும்போது பெண்ணின் அம்மா ஒரு டப்பாவில் அதிரசம் வைத்துக் கொடுத்தபடி, "வளைகாப்பு முடிஞ்ச கையோட திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்மா, தலைப்பிரசவம் இல்லையா" என்றார். பிரசவம் சென்னையில் இல்லை! நான் முதலில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அவளும் இதை யோசித்திருக்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு டூலாவைத் தேடித் தரமுடியுமா என்று அதன்பிறகு நான் அலைந்ததைச் சந்திப்புக்கு முன்பே செய்திருக்கலாம்.

அதனால் என் தயாரிப்பு இப்போது கேள்விகள்தான். பிரசவம் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில்? அங்கே லேபர் வார்டில் எத்தனை பேரை உள்ளே விடுவார்கள்? டூலா வருவது டாக்டருக்குத் தெரியுமா? இதைச் சும்மா கேட்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு அட்டெண்டர் பாஸ்தான் என்று இரவு பதினோரு மணிக்கு வாசலில் வைத்துச் சொன்னார்கள். கணவர் உள்ளே போனார், நான் விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்து அவருக்கு வாட்ஸ்அப்பில் "இடுப்பில் இந்த இடத்தில் அழுத்துங்கள்" என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். முன்கூட்டியே டாக்டரைப் பார்த்துப் பேச அவர்களிடம் சொல்லியிருந்தால் வழி கிடைத்திருக்கலாம். பெண் விரும்பும் ஒருவர் பிரசவத்தில் கூட இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளுக்காக 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த லக்ஷ்யா திட்டத்திலும் பிரசவத் துணைக்கு இடம் உண்டு. டாக்டரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்ல இவை உதவும்.

கேள்வி கேட்பதில் ஒரு குறை உண்டு. விசாரணை மாதிரி ஆகிவிடும். மூன்று கேள்விக்கு மேல் வரிசையாகக் கேட்காமல், நடுவில் நம்மைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். இதுவரை எத்தனை பிரசவத்தில் இருந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "நீங்கதான் எனக்கு ரெண்டாவது" என்று சொன்ன வீட்டில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது.

பெரியவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள்

"நீங்க மருத்துவச்சியாம்மா?" இதற்கு ஆராய்ச்சி விளக்கம் எடுபடாது. நான் சொல்வது இதுதான்: "இல்லம்மா. பிரசவம் பார்க்கிறது டாக்டரும் நர்ஸும்தான். நான் பரிசோதனை, மருந்து எதுவும் தொடமாட்டேன். வலி ஆரம்பிச்சதுலேருந்து குழந்தையைக் கையில வாங்குற வரைக்கும் பக்கத்துலயே இருப்பேன். முதுகு தேய்ச்சு விடுவேன், தண்ணி கொடுப்பேன், தைரியம் சொல்வேன்." அவருக்கு உடனே புரியும். அவர் பிரசவத்தில் இதையெல்லாம் செய்த ஒரு பெரியம்மாவோ அத்தையோ நிச்சயம் இருந்திருப்பார்.

இரண்டாவது கடினமானது. "உங்களை வச்சா நார்மல் ஆயிடுமா?" இந்தக் கேள்விக்குப் பின்னால் நியாயமான பயம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். இந்த நிலையில் "ஆகிடும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த இடத்திலேயே ஒப்பந்தம் முடிந்துவிடும். சொல்லாதீர்கள். வாய்ப்பு கூடும், வாக்குக் கொடுக்கமுடியாது, சிசேரியன் ஆனாலும் நான் கூட இருப்பேன் என்று சொல்லுங்கள். நார்மலுக்கு உத்தரவாதம் கொடுத்து வேலை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாக்கை நம்பியபிறகு ஆபரேஷனுக்குப் போன பெண், தன்னால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அழுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஃபைலா, நோட்டா, பையா

கலர் பிரிண்ட் போட்ட ஃபைல் கணவர்களுக்குப் பிடிக்கிறது, அவர் புரட்டுவார், பெண் பார்ப்பதில்லை. வலியின்போது உட்கார்ந்து அசையும் பெரிய பந்து, துப்பட்டா, எண்ணெய் என்று பையோடு போவது முதல் சந்திப்புக்குத் தேவையில்லை, கண்காட்சி மாதிரி ஆகிவிடும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதோடு நாம் செய்வது, செய்யாதது, 38 வாரத்திலிருந்து எந்நேரமும் போனை எடுப்போம் என்பது, நமக்கு உடம்பு சரியில்லை என்றால் வரப்போகும் மாற்று டூலா யார் என்பது, எல்லாம் தமிழில் அடித்த ஒரே ஒரு தாள். அந்தத் தாள் நாம் போனபிறகும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும்.

கட்டணத்தை எப்போது சொல்வது

நேரில் பழகியபிறகு சொன்னால் பேரம் பேசக் கூச்சப்படுவார்கள் என்று சிலர் சந்திப்பின் கடைசியில் சொல்கிறார்கள். நான் போனிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பெரியவர்கள் முன்னால் திடீரென்று தொகை விழுந்தால் அந்தத் தம்பதிக்குத்தான் சங்கடம்.

கிளம்பும்போது பதில் கேட்டு நிற்பதில்லை. "இன்னொரு டூலாவையும் பார்த்துப் பேசுங்க, அப்புறம் யோசிச்சுச் சொல்லுங்க" என்று இரண்டு பேர் நம்பரைக் கொடுத்துவிட்டு வருவேன். தெரு முனையில் வண்டியை நிறுத்தி, அவள் சொன்னதில் எது கணவருக்குக்கூடத் தெரியாது என்பதை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வேன்.