4+16 மணி நேரமா, 10+11 மணி நேரமா? தண்டையார்பேட்டையிலிருந்து டல்லாஸ் வரை அம்மாவோடு

தம்பி டல்லாஸில் இருக்கிறான். அம்மாவை ரெண்டு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டேன், முதல் தடவை வளைகுடா வழியாக, அடுத்த தடவை ஐரோப்பா வழியாக. அதிலிருந்து எங்கள் தெருவில் யார் பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா கிளம்பினாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள், எந்த வழி வசதி, எந்த சீட் நல்லது, கழுத்துக்குத் தலையணை வாங்கணுமா, சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் வழி. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது, எங்காவது இறங்கி மாறித்தான் ஆகணும். துபாய், தோஹா வழியென்றால் முதல் விமானம் 4 மணி நேரம் சொச்சம், அடுத்தது டல்லாஸுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம். பிராங்க்பர்ட், லண்டன் வழியென்றால் முதலில் 10 மணி நேரம், அப்புறம் இன்னொரு 10, 11 மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் உடம்புக்கு ஒன்றில்லை. வளைகுடா விமானத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஏறினோம், கண்ணை மூடினால் சாப்பாடு கொண்டுவந்து எழுப்பினார்கள், சாப்பிட்டு முடித்துச் சாய்ந்தால் இறங்கப்போகிறோம் என்று அறிவிப்பு. அந்த 4 மணி நேரத்தில் தூக்கமும் இல்லை, ஓய்வும் இல்லை. அதோடு போய் 16 மணி நேரத்துக்கு உட்கார வேண்டும். ஐரோப்பா வழியில் நள்ளிரவுக்கு மேல் ஏறி, ஒரு சாப்பாட்டை முடித்துவிட்டு, ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிந்தது, அம்மாகூட தூங்கினாள். நடுவில் இறங்கி நடந்து, முகம் கழுவி, காபி குடித்துவிட்டு ஏறினால் மிச்சம் 11 மணி நேரம்தான்.

தனியாகப் போகிற இளவட்டம் என்றால் வளைகுடாவே எடுக்கட்டும், 16 மணி நேரம் ஒரே விமானத்தில் என்பது அவர்களுக்கு ரெண்டு தூக்கம், மூன்று படம், முடிந்தது. அறுபதைத் தாண்டியவர்களை, அதிலும் முட்டி வலி இருப்பவர்களைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் நான் 10+11 பக்கம்தான். டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் வந்தால் மட்டும் யோசியுங்கள். எந்த வழியானாலும் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது இருக்கிற மாதிரி பாருங்கள், வீல்சேர் தள்ளுகிறவர் வரும்வரை காத்திருக்க நேரம் வேண்டும்.

அடுத்தது சீட், இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லணும். முதல் பயணத்தில் அம்மாவுக்கு ஆசையாக ஜன்னல் சீட் எடுத்துக்கொடுத்தேன். மெரினாவை மேலிருந்து பார்க்கட்டும், மேகம் பார்க்கட்டும் என்று. நடுவில் நான், நடைபாதை ஓரத்தில் யாரோ ஒரு பெண். பாதி வழியில் நான் கொடுத்த தண்ணி பாட்டில் அப்படியே இருந்தது. ஏம்மா குடிக்கலை என்று கேட்டதற்கு, "குடிச்சா எழுந்து போகணும்டா, அந்தப் பொண்ணு அசந்து தூங்குது பாரு, எத்தனை வாட்டி எழுப்புறது?" என்றாள். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் சொட்டுத் தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். இறங்கும்போது ரெண்டு காலும் வீங்கி, செருப்பு உள்ளே போகவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் முழுக்க என் மேல்தான்.

விமானத்துக்குள் காற்று எவ்வளவு வறட்சி என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. நாம் கடல் காற்றில், வேர்வையில் வாழ்கிறவர்கள். உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை காயும், கண் எரியும், உதடு வெடிக்கும். அங்கே தண்ணி குடிக்காமல் இருப்பதும், எழுந்திருக்காமல் இருப்பதும் சேர்ந்தால் கால் ரத்த ஓட்டத்துக்கு நல்லதில்லை. 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி பயணம் செய்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகிற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே சொல்லியிருக்கிறது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், பயப்பட வேண்டாம், ஆனால் வயசானவர்கள் விஷயத்தில் அசட்டையும் வேண்டாம்.

அதனால் ஜன்னலா ஓரமா என்றால் என் பதில் ஓரம்தான், பெரியவர்களுக்கு ஓரம் மட்டும்தான். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வளைகுடா வழி போகும் போயிங் 777-களில் பெரும்பாலும் 3-4-3 என்று சீட் இருக்கும். ஜன்னல் பக்கத்து மூன்றில் ஓரம் எடுத்தால் உள்ளே இருக்கிற ரெண்டு பேரும் உங்களைத் தாண்டித்தான் போகணும். நடு நான்கில் ஓரம் எடுத்தால் ஒருவர்தான் உங்களைத் தாண்டுவார், மற்ற ரெண்டு பேருக்கும் அந்தப் பக்கம் வழி. அந்த ஒருவர் நீங்களாகவே இருந்துவிட்டால் அம்மாவை வேறு யாரும் எழுப்பப்போவதில்லை. ரெண்டாவது தடவை அப்படித்தான் உட்கார்ந்தோம். அம்மா தானாகவே எழுந்து, பின்னாடி சமையல் மேடைப் பக்கம் போய் நின்று, ஒரு தமிழ்க்கார அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். கடைசி வரிசை மட்டும் வேண்டாம், பல விமானங்களில் அந்த சீட் பின்னால் சரியாகச் சாயாது, பாத்ரூம் கதவு சத்தம் வேறு. குலுங்கல் பயம் இருப்பவர்களுக்கு இறக்கைக்கு நேராக எடுங்கள், வால் பக்கம்தான் அதிகம் ஆடும்.

ஜன்னலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, சாய்ந்து தூங்கச் சுவர் கிடைக்கும், யாரும் எழுப்ப மாட்டார்கள். பாத்ரூமே போகாமல் எட்டு மணி நேரம் தூங்குகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது சரி.

கால் உறையா, நடையா? ரெண்டும். முட்டிக்குக் கீழே வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரெஷன் சாக்ஸ் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்து சர்ஜிக்கல் கடைகளில் கேட்டால் கிடைக்கும், கால் அளவு எடுத்துத்தான் வாங்கணும். வீக்கத்தைக் குறைக்கிறது, அதை என் கண்ணாலேயே பார்த்தேன், ரெண்டாவது தடவை செருப்பு ஒழுங்காக உள்ளே போனது. சர்க்கரை வியாதி இருப்பவர்களும் காலில் ரத்தக் குழாய் அடைப்பு இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. ஆனால் சாக்ஸ் போட்டாச்சு என்று உட்கார்ந்தே இருக்கக்கூடாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நடை வேண்டும்.

கழுத்துத் தலையணையைப் பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. பர்மா பஜாரில் வாங்கியதை அம்மா பத்து நிமிஷத்தில் கழற்றிவிட்டாள், கழுத்துக்குப் பின்னால் திண்டு மாதிரி நின்று தலையை முன்னால் தள்ளுகிறது. எம்.சி. ரோட்டில் வாங்கிய பருத்திப் போர்வை ஜெயித்தது. சுருட்டினால் இடுப்புக்கு அணை, விரித்தால் குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம், மடித்தால் தலைக்கு. விமானத்தில் குளிரும், அவர்கள் கொடுக்கிற போர்வை ஒன்று போதாது.

காதுக்கு என்ன? சத்தத்தைக் குறைக்கிற ஹெட்போனா, ரப்பர் பஞ்சு அடைப்பானா? போஸ் ஆடியோ நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978-இல் ஸூரிக்கிலிருந்து திரும்பும்போது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தாண்டிப் பாட்டு கேட்கவில்லை என்று, உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தாராம். அப்படிப் பிறந்ததுதான் அவருடைய ஹெட்போன். எஞ்சினின் அந்த ஓயாத உறுமலை அது அருமையாக அடக்கும். குழந்தை அழுகையையும் பேச்சுச் சத்தத்தையும் அந்த அளவுக்கு அடக்காது. அடைப்பான் நேர் எதிர், கீச்சென்ற சத்தத்தை நன்றாகத் தடுக்கும், உறுமல் கொஞ்சம் வரும், விலையோ சில பத்து ரூபாய்தான். எனக்கு ஹெட்போன், அம்மாவுக்கு அடைப்பான். தலையில் கனமாக எதையும் மாட்டிக்கொண்டு அவளால் தூங்க முடியாது, கொண்டை இடிக்கும். ஒன்று சொல்லணும், சீட்டுக்கு முன்னால் இருக்கிற திரைக்குப் பெரும்பாலும் ஒயர்தான், புளூடூத் மட்டும் இருக்கிற இயர்போன் எடுத்துப்போனால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு சாதா ஒயர் இயர்போன் பையில் கிடக்கட்டும்.

பொழுதுபோக்குக்கு சீட் திரையை நம்பலாமா, சொந்த போனை நம்பலாமா? போன்தான். 16 மணி நேர விமானத்தில் என் சீட் திரை ஏறினதிலிருந்து இறங்குகிறவரை உயிரே வரவில்லை, ரெண்டு தடவை அணைத்துப் போட்டும் பயனில்லை, விமானம் நிரம்பியிருந்ததால் மாற்றி உட்காரவும் இடமில்லை. வளைகுடா விமானங்களில் தமிழ்ப் படம் நிறையவே இருந்தது, நாங்கள் போன ஐரோப்பிய விமானத்தில் தேடிப் பார்த்தால் ரெண்டு மூன்றுதான். அதனால் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், இறக்கிவைத்ததை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு தடவை ஓடுகிறதா என்று பாருங்கள். சில படங்கள் பார்க்க ஆரம்பித்த 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், சில வேறு நாட்டுக்குப் போனால் திறக்காது, திரும்பி வரும் பயணத்துக்கு இதை நினைவில் வையுங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கணும், பெட்டியில் போடக்கூடாது. அதன் கொள்ளளவு 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் பொதுவாக விடுவார்கள், 20,000 எம்.ஏ.எச். என்பது ஏறக்குறைய 74 வாட்-ஹவர். ஆனால் கொண்டுபோவது வேறு, உள்ளே பயன்படுத்துவது வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் பவர் பேங்க் போட்டு சார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டார்கள். சீட்டில் யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கும், அதற்கான ஒயரை எடுத்துவையுங்கள்.

பார்ப்பதா கேட்பதா என்று ஒரு ஒப்பீடு யாரும் செய்வதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வறண்ட காற்றில் ரெண்டு படம் பார்த்தாலே கண் மணல் போட்ட மாதிரி ஆகிவிடும். கேட்பதற்குக் கண்ணே வேண்டாம். அம்மாவுக்கு வடிவுடையம்மன் பாட்டு, பழைய பாட்டு, ஒரு சொற்பொழிவு எல்லாம் சேர்த்து பத்து மணி நேரத்துக்குப் போனில் ஏற்றிக்கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டாள், கேட்டபடியே தூங்கினாள், விழித்ததும் விட்ட இடத்திலிருந்து கேட்டாள். திரையில் அவள் பார்த்தது ஒன்றே ஒன்று, விமானம் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம். "இன்னாடா, இன்னும் கடல் மேலயே போவுது" என்று மணிக்கொரு தடவை எனக்குச் செய்தி வாசித்தாள்.

கடைசியாகச் சாப்பாடு. விமானச் சாப்பாடா, வீட்டுச் சாப்பாடா? உயரத்தில் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மந்தமாகத்தான் தெரியும், வறட்சியும் காற்றழுத்தமும் இரைச்சலும் சேர்ந்து செய்கிற வேலை அது, சமைத்தவர் குற்றமில்லை. புளியும் காரமும் இருக்கிற நம் சாப்பாடு அங்கேயும் எடுபடுகிறது. நல்லெண்ணெய் தடவி மிளகாய்ப் பொடி பிரட்டிய இட்லி பன்னிரண்டு மணி நேரம் தாங்கும், புளிசாதம் அதற்கு மேலும் தாங்கும். சட்னி, தயிர், ஊறுகாய் எல்லாம் செக்யூரிட்டியில் திரவக் கணக்கு, 100 மில்லிக்கு மேல் கையில் எடுத்துப்போக முடியாது. கொப்பரைத் தேங்காய் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். காசிமேட்டுக் கருவாடு தம்பிக்குப் பிடிக்கும்தான், ஆனால் மூடிய விமானத்துக்குள் கையில் வேண்டாம்.

கொண்டைக்கடலை, சோடா ரெண்டையும் ஏறுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலை மேல் இருக்கிற மாதிரி வைத்திருப்பார்கள், சிப்ஸ் பாக்கெட் உப்புவது போலவே வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் உப்பும். விமானச் சாப்பாடுதான் என்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே இந்து சைவ உணவு என்று பதிந்துவிடுங்கள், தனியாகச் சொன்ன சாப்பாடு பொதுவாக எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும், சாப்பிட்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய உதவி.

நான் இப்போது செய்வது, முதல் வேளைக்கு வீட்டு இட்லி, மற்றதெல்லாம் அவர்கள் கொடுப்பது. மீந்ததை அமெரிக்காவில் இறங்குவதற்கு முன் விமானத்திலேயே கொடுத்துவிடுகிறேன், சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் வேலை அம்மாவுக்கு வேண்டாம். காலி பாட்டில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, செக்யூரிட்டி தாண்டியதும் நிரப்பி, மணிக்கு ஒரு தடவை அம்மா கையில் கொடுக்கிறேன். ஓர சீட்டில் உட்கார்ந்திருப்பதால் கேட்காமலேயே குடித்துவிடுகிறாள்.