மின்சாரக் காருக்கு டயரும் ரிம்மும் மாற்றப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பெர்ஃபார்மன்ஸ் ரக மின்சாரக் கார் வைத்துக்கொண்டு, வருடம் முழுக்க ஓட்ட ஒரே செட் டயர் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை மாட்டி அனுப்பினார்கள். சத்தம் கூடிவிட்டது, பார்க்க நன்றாக இல்லை என்ற அளவோடு போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். காரின் எடைக்குப் போதாத டயரை மாட்டி, குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகச் சொல்லிவிட்டார்கள். என் கோபம் அதில்தான்.

காருடன் வந்தவை கோடைக்கால டயர்கள். முன்னால் 235/35 ஆர்20, பின்னால் 275/30 ஆர்20 (முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம் அளவு). காய்ந்த சாலையில் அவற்றின் பிடிப்பே தனி. ஆனால் வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் விறைக்க ஆரம்பித்துவிடும். உறைகுளிரில் ஓட்டினால் சாலையைத் தொடும் ட்ரெட்டில் விரிசல் விழலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் என்பதால் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போடவும் வழியில்லை. மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுப்பதால் பின் டயர்கள் முன் டயர்களைவிட வேகமாகத் தேய்கின்றன. எனக்குக் குளிர்காலத்தில் பனி விழும் மலைப்பாதையிலும் போக வேண்டியிருக்கிறது.

அதனால் நான்கும் ஒரே அளவாக, 19 அங்குலத்தில் 235/40 ஆர்19 போடுவது என்று முடிவு செய்தேன். பழைய முன் டயரின் வெளிவிட்டம் 672.5 மி.மீ., பின் டயர் 673. புதியது 670.6. அரை சதவீதம்கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டர் தப்புக் காட்டாது. டயரின் பக்கவாட்டு உயரம் 82 மி.மீ.யிலிருந்து 94 ஆகிறது, குழியில் இறங்கினால் ரிம் வளையும் பயம் குறைகிறது. பின்பக்கப் பிடிப்பு கொஞ்சம் குறையும்தான், அது எனக்குச் சம்மதம். 18 அங்குலத்துக்கு இறங்கவில்லை. இந்த மாதிரிக் கார்களின் பெரிய பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பல 18 அங்குல ரிம்களுக்குள் அடங்காது.

இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். ஆர்டரை எழுத்திலேயே கொடுத்தேன். லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) 96, கூடுதல் எடை தாங்கும் வகை என்பதற்கான எக்ஸ்எல் குறி, பக்கவாட்டில் மூன்று முகட்டு மலையும் பனிப்படிகமும் உள்ள சின்னம், என் காரின் ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சரியாக உட்காரும் ரிம். கடைக்காரர் பதில் போட்டார்: “எல்லாம் அதேதான் சார், ஈவிக்குன்னே வந்த செட்.” அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வண்டியை ஜாக்கியில் தூக்கும்போதே மனசு சரியில்லை. மின்சாரக் காருக்கு அடியில் முழுக்கப் பேட்டரிப் பெட்டிதான். தூக்குவதற்கென்று ஓரத்தில் நான்கு இடங்கள் குறித்திருப்பார்கள், பல கார்களில் அதற்கென ரப்பர் பேடு வைக்க வேண்டும். அந்தப் பையன் டிராலி ஜாக்கியை உள்ளே தள்ளி, நேராகப் பெட்டியின் அடித்தகட்டில் நிறுத்தினான். கையை நீட்டித் தடுத்தேன். “எல்லா வண்டியையும் இப்படித்தான் சார் தூக்குறோம்” என்றான். அந்தத் தகடு உள்ளே அமுங்கினால் செல்களுக்கே ஆபத்து, பேட்டரி வாரன்டியும் கேள்விக்குறியாகிவிடும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் திரையில் ஜாக் மோடை முதலில் போட வேண்டும். அதையும் அவர்களாகச் செய்வார்கள் என்று நம்பிவிட வேண்டாம்.

பிரச்சினை தெரிந்தது நெடுஞ்சாலையில். 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். திரும்பப் போனேன், மறுபடி பேலன்ஸ் செய்து கொடுத்தார்கள், நடுக்கம் அப்படியே இருந்தது. “புது டயர் சார், ஓட ஓட செட்டாயிடும்” என்றார்கள். செட்டாகவில்லை. அங்கே இனி பேசிப் பயனில்லை என்று அலைன்மென்ட் மட்டும் பார்க்கும் வேறொரு பட்டறைக்குப் போனேன்.

அங்கிருந்த மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றி, திருப்பி வைத்து, நடு ஓட்டையைக் காட்டினார். ரிம்மின் ஓட்டை 73.1 மி.மீ. என் காரின் ஹப் 64.1. சுற்றிலும் நாலரை மி.மீ. இடைவெளி, என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்று வெளிச்சந்தை ரிம்களில் ஓட்டையைப் பெரிதாகவே வைப்பார்கள், அது தவறில்லை. அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ வரும் சாதாரணச் சாமான் அது. என் காரில் நான்கு சக்கரத்திலும் இல்லை. சக்கரத்தை நடுவில் நிறுத்தும் வேலையை நட்டுகளின் தலையில் கட்டிவிட்டார்கள். காரைத் தூக்கி வைத்து ஒழுங்காக நட்சத்திர வரிசையில் இறுக்கினாலாவது ஓரளவு நடுவில் உட்காரும். ஏர் கன்னை வைத்து ஒரே பக்கமாக முறுக்கித் தள்ளினால் சக்கரம் இம்மியளவு விலகித்தான் உட்காரும். பேலன்ஸ் மெஷினில் எத்தனை முறை போட்டாலும் இது தெரியவே தெரியாது. மெஷின் ரிம்மைக் கூம்பு வைத்துச் சரியாக நடுவில் பிடித்துக்கொள்கிறது. கோளாறு காரில் உட்காரும் இடத்தில்தான். ‘பேலன்ஸ் பக்கா’ என்று அவர்கள் திரையைக் காட்டியது இதனால்தான்.

வளையம் போட்டு, டார்க் ரெஞ்சில் காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கியதும் நடுக்கம் அடியோடு போய்விட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த மெக்கானிக் டயர் பக்கவாட்டில் டார்ச் அடித்து, “இது உங்க வண்டிக்குப் போதுமாங்க?” என்று கேட்டார்.

235/40 ஆர்19 92. எக்ஸ்எல் என்ற எழுத்து எங்கும் இல்லை.

92 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 630 கிலோ. நான் எழுதிக் கொடுத்த 96 என்றால் 710 கிலோ. இரண்டு பின் டயர்களும் சேர்த்து 1,260 கிலோ. என் காரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் அச்சுக்குக் கொடுத்திருக்கும் உச்ச எடை அதைவிட அதிகம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்று கிளம்பினால் டயர் தன் வரம்பைத் தாண்டிய நிலையில்தான் ஓடும். நெடுஞ்சாலை வேகத்தில் அந்த எடையோடு ஓடும்போது பக்கவாட்டு அளவுக்கு மீறி வளைந்து சூடேறும். டயர் வெடிப்பது பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான்.

அளவு ஒன்றாக இருந்தாலும் லோடு இன்டெக்ஸ் வேறாக இருக்கலாம் என்பதைத்தான் கடைகள் சொல்வதில்லை. ஒரே 235/40 ஆர்19 சாதாரண வகையிலும் வருகிறது, எக்ஸ்எல் வகையிலும் வருகிறது. பேட்டரியே மிகவும் கனம் என்பதால் மின்சாரக் கார் பெரும்பாலும் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட நூற்றுக்கணக்கான கிலோ கூடுதல். எக்ஸ்எல்லும் போதாமல் எச்எல் என்று இன்னொரு வகையே வந்துவிட்டது. கடையில் கேட்டபோது, “காத்த 42 பிஎஸ்ஐ வெச்சா சரியாயிடும் சார்” என்றார்கள். ஆகாது. சாதாரண வகை டயருக்கு அந்த 630 கிலோ என்பது 36 பிஎஸ்ஐயில் கிடைக்கும் உச்சம். அதற்கு மேல் காற்றடித்தால் டயர் கடினமாகும், தாங்கும் எடை ஒரு கிலோகூட ஏறாது. 42 வரை எடையைக் கூட்டிக்கொண்டே போவது எக்ஸ்எல்லுக்குத்தான்.

ஒன்று தப்பு என்றதும் மற்றதையும் பார்த்தேன். பனிப்படிகச் சின்னம் இல்லை, வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ மட்டும். சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் அந்த எழுத்தை ட்ரெட்டின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம், அதற்குச் சோதனை எதுவும் கிடையாது. மலைச் சின்னம் வேண்டுமென்றால் பனியில் ஓட்டிப் பார்த்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடிப்பைக் காட்டியாக வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம் பிளஸ் எஸ் டயரைக் குளிர்கால டயராகக் கணக்கில் எடுப்பதே இல்லை. மலைச் சின்னம் இருந்தாலும் பனிக்கட்டி படிந்த சாலைக்கு அது உத்தரவாதம் ஆகாது. மாதக்கணக்கில் பனி கிடக்கும் இடத்தில் இருப்பவர்கள் தனிக் குளிர்கால செட்டே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். எப்போதாவது பனியில் போகிற என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சின்னம்தான் குறைந்தபட்சம். அதைத்தான் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

தயாரித்த தேதியும் உதைத்தது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். 1822 என்றால் 2022-இன் 18-ஆவது வாரம். முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், அது உட்புறமாகப் போய்விட்டால் காருக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். என் காரில் இரண்டு டயர்களில் எண் வெளியே தெரிந்தது, அவை புதியவை. மற்ற இரண்டிலும் எண் உள்ளே இருந்தது, அவை பழைய சரக்கு. அதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரிம்மின் பின்பக்கத்தில் அகலமும் ஆஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) மட்டும் அச்சிட்டிருந்தது. ஒரு ரிம் எத்தனை கிலோ தாங்கும் என்று ஆரக்கால்களின் பின்னால் குறித்திருப்பது வழக்கம். இதில் இல்லை, கடையிலும் காகிதம் எதுவும் தர முடியவில்லை. டயர் பிரஷர் சென்சாரும் என் காரோடு பேசவில்லை. சில மின்சாரக் கார்கள் புளூடூத் சென்சாரையே ஏற்கும், இவர்கள் போட்டது பழைய ரேடியோ வகை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. “அதக் கண்டுக்காதீங்க சார்” என்றார்கள். காற்று இறங்குவதை முன்கூட்டியே சொல்லும் விளக்கைக் கண்டுகொள்ளாமல் விடு என்று ஒரு டயர் கடையே சொல்கிறது!

எல்லாவற்றையும் படம் எடுத்து, ஸ்டிக்கர் படத்தையும் அவர்களுடைய மெசேஜையும் சேர்த்து அனுப்பினேன். “மாட்டியாச்சு, ஓடியாச்சு, இனி அது பழைய டயர்” என்று பதில் வந்தது. பில்லில் ‘19 அங்குல ஆல் சீசன் செட் 4’ என்று மட்டும் இருக்கிறது, அதைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். ஆகவே நீங்கள் பில்லிலேயே அளவு, லோடு இன்டெக்ஸ், எக்ஸ்எல் அல்லது எச்எல், மலைச் சின்னம், ரிம்மின் எடைத்திறன், ஹப் வளையத்தின் அளவு எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன், தரையில் கிடக்கும்போதே நான்கையும் இரண்டு பக்கமும் திருப்பிப் படியுங்கள். ஏற்றிய பிறகு திரும்ப வாங்க மாட்டேன் என்பார்கள். காரை அவர்கள் தூக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

இப்போது என் காரில் 96 எக்ஸ்எல், மலைச் சின்னம் உள்ள டயர்கள் இருக்கின்றன. எடைத்திறன் பொறித்த வேறு ரிம்கள், புளூடூத் சென்சார், எல்லாம் வேறிடத்தில் வாங்கியது. கோடைக்கால டயரைவிட வெயிலில் பிரேக் பிடிக்கும் தூரம் கொஞ்சம் கூடுதல், அது தெரிந்தே எடுத்தது. பழைய செட்டை யாருக்கும் விற்கவில்லை. கார்டு வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு மனு போட்டிருக்கிறேன், நான்கு டயர்களும் அதற்கான சாட்சியாக வீட்டில் அடுக்கியிருக்கின்றன.