முதல் குடும்பப் படகு: பௌரைடரா, பாண்டூனா? வெள்ளோட்டத்தில் பார்க்க வேண்டியவை

விற்பவர் வெள்ளோட்டத்துக்கு அழைத்துப் போகும்போது வழக்கமாக நடப்பது இதுதான். காற்றில்லாத காலை நேரம், கண்ணாடி போன்ற தண்ணீர், டேங்கில் கால்வாசி பெட்ரோல், படகில் இரண்டே பேர். துறையைத் தாண்டியதும் வேகத்தை முழுதாக ஏற்றுகிறார். முகத்தில் காற்று அடிக்கிறது, நமக்கும் ஆசை வந்துவிடுகிறது. அந்த நிலையில் மோசமாக ஓடும் படகு என்று அநேகமாக எதுவும் இல்லை. இரண்டு படகுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் வேறு இடங்களில் தெரியும்: ஆட்கள் நிறைந்திருக்கும்போது, மெதுவாகப் போகும்போது, பக்கக் காற்றில் துறைக்குத் திரும்பும்போது, அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு நடுத்தண்ணீரில் சும்மா மிதக்கும்போது. குடும்பத்தோடு போகிறவர்களின் நேரம் பெரும்பாலும் இவற்றில்தான் கழிகிறது.

முதல் படகு வாங்குகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இரண்டு வகைகளில். ஒன்று பௌரைடர்: 'வி' வடிவ அடிப்பாகம், கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் அணியத்தில் (படகின் முன்முனையில்) திறந்த இருக்கைகள், பெரும்பாலும் ஐந்தரை முதல் ஏழு மீட்டர் நீளம். இன்னொன்று பாண்டூன்: இரண்டு அலுமினியக் குழாய்களின் மேல் ஒரு தட்டையான தளம், சுற்றிலும் வேலி, சோபா போன்ற இருக்கைகள். மூன்றாவது குழாய் சேர்த்தால் அது டிரைடூன். மூன்றாவது குழாய் சின்ன விஷயமாகத் தெரியலாம். படகின் குணமே அதனால் மாறிவிடும். அதைக் கீழே பார்ப்போம்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே தண்ணீரில், ஒரே ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். வெவ்வேறு நாளில் ஓட்டினால் நீங்கள் ஒப்பிடுவது வானிலையை.

சுமையோடு போங்கள்

உங்கள் குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஏற வேண்டும். முடியாவிட்டால் தண்ணீர் கேன்களை வைத்தாவது எடையை ஈடுகட்டுங்கள். 100 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 74 கிலோ, அதாவது ஒரு பெரிய ஆளின் எடை. அதனால் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரோடு ஐந்து விநாடியில் தண்ணீரின் மேல் எழும்பிய பௌரைடர் ஆறு பேரோடு பன்னிரண்டு விநாடி திணறுவது நடக்கக்கூடியதே. அங்கே எஞ்சின் போதவில்லை, அல்லது ப்ரொப்பெல்லர் பொருந்தவில்லை என்று பொருள்.

படகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். எத்தனை பேர், எவ்வளவு எடை என்று அதில் இருக்கும். ஐரோப்பிய முறைப்படி தரம் பிரிக்கப்பட்ட படகு என்றால் ஓர் எழுத்தும் இருக்கும். 'சி' என்றால் பியூஃபோர்ட் என்ற காற்றுவேக அளவில் 6 வரையிலான காற்றும் 2 மீட்டர் வரை அலையும் உள்ள கரையோர நீர். 'டி' என்றால் காற்று 4 வரை, அலை 0.3 மீட்டர், எப்போதாவது 0.5 மீட்டர். பாதுகாக்கப்பட்ட சின்ன நீர்நிலைக்கு மேல் 'டி' படகை எடுத்துப்போக நினைக்கவே கூடாது. தகட்டில் பத்துப் பேர் என்று போட்டிருந்தால் அது உச்ச வரம்பு. வசதியாக உட்கார ஏழு பேர் என்று கணக்கு வையுங்கள்.

துறையில் நிற்கும்போதே

நீங்கள் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதில்தான் பழைய எஞ்சினின் உண்மை தெரியும். அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டிய எஞ்சின்) என்றால் பக்கத்தில் ஒரு சின்ன நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். அது குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். உள்ளே எஞ்சின் வைத்த ஸ்டெர்ன்டிரைவ் என்றால் முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். ஆகவே உள்காற்றை வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட்ட பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். விற்பவர் அதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்தால், அவர் படகை எப்படி வைத்திருந்தார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஏறுவதில் பாண்டூனுக்கே வெற்றி. பக்கவாட்டில் கதவு, தளமும் துறையும் ஏறக்குறைய ஒரே உயரம், முட்டிவலி உள்ள பெரியவர் நடந்தே உள்ளே போகலாம். பௌரைடரில் விளிம்பின் மேலோ இருக்கையின் மேலோ கால் வைத்து இறங்க வேண்டும், அதுவும் படகு ஆடிக்கொண்டிருக்கும்போது. வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால் அவரை அழைத்துவந்து ஏற்றிப் பாருங்கள். அவர் ஏறச் சிரமப்பட்டால் அடுத்த முறை வரமாட்டார்.

மெதுவான வேகமும் காற்றும்

வேகம் குறைந்தால் 'வி' வடிவ அடிப்பாகம் நேராகப் போகாது. பௌரைடரின் அணியம் இடமும் வலமும் அலையும். புதிதாக ஓட்டுகிறவர் ஒவ்வொன்றுக்கும் சக்கரத்தைத் திருப்பப் போய் அலைச்சலை இன்னும் கூட்டிவிடுவார். பாண்டூன் இந்த விஷயத்தில் சாது, குழாய்கள் ரயில் தண்டவாளம் போல நேராக இழுத்துச் செல்லும். ஆனால் காற்று அடித்தால் கதை மாறும். உயரமான வேலியும் மேற்கூரையும் காற்றை வாங்கிக்கொள்ள, படகு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். மேற்கூரையை விரித்து ஒருமுறை, மடக்கி ஒருமுறை துறைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

துறைக்குத் திரும்புவதை விற்பவர் கையில் விடாதீர்கள். அவருக்கு அது பழக்கம், உங்களுக்குத்தான் தெரிய வேண்டும். ரிவர்ஸ் போட்டுப் பின்னால் வரச் செய்யுங்கள். ஒற்றை எஞ்சின் படகுகள் பெரும்பாலானவற்றில் அமரம் (படகின் பின்முனை) இடப்பக்கமாக இழுக்கும். அந்த இழுப்பு எவ்வளவு, கியர் நெம்புகோல் நியூட்ரலில் தெளிவாக நிற்கிறதா, ரிவர்ஸில் வேகமாக வந்தால் பின்பக்கமாகத் தண்ணீர் உள்ளே ஏறுகிறதா என்பதைக் கவனியுங்கள். படகோட்டும் எல்லாருக்கும் ஒரு முறை வேண்டும். கணவர் மட்டும் ஓட்டிப் பார்த்து, மனைவி பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்த வெள்ளோட்டம் அரைகுறைதான். குறிப்பாக உயரம் குறைந்தவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் தடுப்பின் மேல்சட்டம் சரியாக அவர் கண்மட்டத்தில் வந்தால் எதிரே வருவது தெரியாது.

எழும்பும்போதும் அலையிலும்

நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்கும்போது பௌரைடரின் அணியம் வானத்தைப் பார்க்கும். அந்தச் சில விநாடிகள் முன்னால் நீந்துகிறவர் இருந்தாலும் தெரியாது. பிறகு படகு தண்ணீரைத் தள்ளுவதை விட்டு அதன் மேல் வழுக்கத் தொடங்கும், அணியம் கீழே வரும். அடிவானம் எத்தனை விநாடி மறைகிறது என்று எண்ணுங்கள். நான்கு, ஐந்து என்றால் நல்லது. அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த வேகத்தில் வழுக்குவது நின்று மறுபடி அமிழ்கிறது என்று பாருங்கள். இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. குழந்தைகளைக் காற்றடைத்த மிதவையில் உட்கார்த்தி இழுக்கும் வேகம் மணிக்கு 25, 30 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் எழும்பவும் முடியாமல் அமிழவும் முடியாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும் படகு உங்களுக்குத் தலைவலி.

பாண்டூனில் அணியம் இப்படித் தூக்கிக்கொள்ளாது, பார்வை மறையாது. ஆனால் 60 குதிரைத்திறன் போட்ட இரண்டு குழாய்ப் படகு ஆட்களோடு மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட்டாலே பெரிது. 150 குதிரைத்திறனுள்ள டிரைடூன் 50-ஐத் தாராளமாகத் தாண்டும்.

அலைதான் உண்மையான சோதனை. தண்ணீர் அமைதியாக இருந்தால் நீங்களே ஒரு வட்டமடித்து, உங்கள் அலையை நீங்களே குறுக்கே கடந்து பாருங்கள். முதலில் சாய்வாக, பிறகு நேராக, பிறகு பக்கவாட்டில் வாங்கி. பௌரைடரின் 'வி' அதைக் கிழித்துப் போகும். அமரத்தில் அந்த 'வி'யின் பக்கங்கள் மேலேறும் கோணம் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் அடி மெதுவாக விழும், ஆனால் நிற்கும்போது படகு அதிகம் ஆடும். கோணம் குறைந்தால் நேர்மாறு. அணியத்தில் உட்கார்ந்தவர் நனைகிறாரா என்று பார்க்க, உங்களில் ஒருவர் அங்கேயே உட்கார வேண்டும்.

பாண்டூனில் சின்ன அலைகள் தெரியவே தெரியாது. குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து வரும் அலை என்றால் தளத்தின் அடியில் அறைந்துகொண்டே இருக்கும், பேச்சுச் சத்தம் கேட்காது. அதைவிட முக்கியமானது, வேகத்தைத் திடீரென்று குறைத்தால் நடப்பது. பின்னால் வரும் சொந்த அலை அமரத்தைத் தூக்க, முன்பக்கம் தாழும். முன்னிருக்கைகளில் ஐந்தாறு பேர் இருந்தால் தண்ணீர் தளத்தின் மேல் ஏறி வரும். இதை முன்பக்கம் காலியாக வைத்து, படிப்படியாகச் செய்து பாருங்கள். இரண்டு குழாய்ப் படகில் இந்தத் தாழ்வு நன்றாகத் தெரியும், டிரைடூனில் குறைவு. வேலிக்கு முன்னால் உள்ள திறந்த விளிம்பில் குழந்தைகள் காலைத் தொங்கப்போட்டு உட்காருவதற்கு ஓடும் படகில் இடமே கொடுக்கக் கூடாது. அங்கிருந்து விழுபவர் நேராகப் ப்ரொப்பெல்லரின் வழியில்தான் விழுகிறார்.

திருப்பத்தில் பௌரைடர் உள்பக்கம் சாயும், உட்கார்ந்திருப்பவர் இருக்கையோடு அழுந்துவார். இரண்டு குழாய்ப் பாண்டூன் சாயாமல் திரும்புவதால் ஆட்கள் வெளிப்பக்கம் தள்ளப்படுவார்கள். டிரைடூன்கள் பல கொஞ்சம் உள்ளே சாயும். திருப்பத்தில் எஞ்சின் திடீரென்று அலறினால் ப்ரொப்பெல்லர் காற்றை உறிஞ்சுகிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முழு வேகம் ஒரு நிமிடம் போதும்

அதில் பார்க்க வேண்டியது ஆர்.பி.எம். மட்டுமே. பல அவுட்போர்டுகளுக்கு முழு வேகத்தில் 5000 முதல் 6000 வரை இருக்க வேண்டும். சரியான எண் எஞ்சினின் கையேட்டில் இருக்கும். முழுச் சுமையோடு 4600-லேயே நின்றுவிட்டால் ப்ரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். பணம் கொடுக்கும் முன் இதை மாற்றித் தரச் சொல்லுங்கள், பிறகு யாரும் மாற்றித் தரமாட்டார்கள். செலவுக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு 35 முதல் 40 லிட்டர் குடிக்கும். சாதாரண ஓட்டத்தில் அதில் பாதி அல்லது அதற்கும் கீழே.

அவுட்போர்டா ஸ்டெர்ன்டிரைவா என்றால் முதல் படகுக்கு என் ஓட்டு அவுட்போர்டுக்கு. உப்பு நீரில் ஓட்டிவிட்டு முழுதாக வெளியே தூக்கி வைக்கலாம், பழுது பார்க்கக் குனிய வேண்டாம். ஸ்டெர்ன்டிரைவில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் ரப்பர் உறைகள் காலப்போக்கில் வெடிக்கும், வெடித்தால் தண்ணீர் படகுக்குள். ஆனாலும் அதற்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது: பின்னால் அகலமான நீச்சல் மேடை கிடைக்கும். எந்த எஞ்சினாக இருந்தாலும் அது ஓடும்போது அந்த மேடையில் யாரும் உட்காரக் கூடாது. எஞ்சின் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு, அதற்கு மணமில்லை.

எஞ்சினை அணைத்த பிறகு

விற்பவர் பொறுமையிழக்கும் கட்டம் இது. அரை மணி நேரம் மிதந்துகொண்டே இருங்கள். எல்லாரையும் ஒரு பக்கம் வரச் சொல்லுங்கள்: பௌரைடர் நன்றாகச் சாயும், பாண்டூன் லேசாக. ஏணியை இறக்கி ஒருவர் தண்ணீரிலிருந்து ஏறி வரட்டும். இரண்டு படியாவது நீருக்குள் இறங்கியிருக்காவிட்டால் களைத்தவரால் ஏற முடியாது. தண்ணீரில் இருப்பவரே ஏணியை இறக்க முடியுமா என்பதும் முக்கியம். நிழல் எத்தனை பேருக்கு விழுகிறது? சின்னக் குழந்தை தூங்க இடம் இருக்கிறதா? அத்தனை லைஃப் ஜாக்கெட்டையும் வைத்த பிறகு பைகளுக்கு இடம் மிஞ்சுகிறதா? இந்தச் சுற்றில் பாண்டூன் எளிதாக முந்தும்.

இடைப்பட்ட வகைகளை நீளமாகப் பேசத் தேவையில்லை. டெக் போட் என்பது முன்பக்கம் அகலமான பௌரைடர்; இடம் கூடும், அலையில் அடியும் கூடும். சென்டர் கன்சோல் (ஓட்டுமிடம் நடுவில் உள்ள திறந்த படகு) மீன்பிடிக்க அருமை, திறந்த கடலுக்கும் தாங்கும், ஆனால் நிழலும் இருக்கையும் குறைவு. சின்னக் கேபின் உள்ள படகில் அந்தக் கேபினுக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

சரி, எது? ஏரி, உப்பங்கழி, அமைதியான ஆறு, கூடவே பெரியவர்களும் கைக்குழந்தைகளும் என்றால் டிரைடூன். இரண்டு குழாய்ப் படகு மெதுவாகச் சுற்றி வருவதற்கு மட்டும் போதும். அகன்ற நீர்ப்பரப்பு, மதியத்துக்கு மேல் அலை எழும் இடம், இழுத்து விளையாடும் வயதில் பிள்ளைகள் என்றால் அவுட்போர்டு பொருத்திய பௌரைடர்.

படகின் அடியில் கசிவு தேங்கும் அடித்தளக் குழியைக் கிளம்பும் முன் ஒருமுறையும், கரைக்கு வந்ததும் மறுபடியும் திறந்து பாருங்கள். புதிதாகத் தண்ணீரோ எண்ணெயோ சேர்ந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை விலை பேச வேண்டாம். கியர் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பழைய படகு என்றால் மணிக்கணக்குக் காட்டியைப் பாருங்கள். பொழுதுபோக்குப் படகுகள் பல ஆண்டுக்கு 50 முதல் 100 மணி நேரம் ஓடுகின்றன. பத்து வயதுப் படகில் 90 மணி என்றிருந்தால், பாதி நாள் சும்மா நின்ற எஞ்சினின் ரப்பர்களையும் எரிபொருள் குழாய்களையும் ஒரு மெக்கானிக் பார்த்தாக வேண்டும். அவரைப் பிடிப்பது உங்கள் பொறுப்பு, விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம்.