டிகின்டர் உள்ளீட்டுப் பெட்டி: பிழை தேட எந்த வழி?

இலங்கையின் அம்பாறை மாவட்டத்து நெல் கொள்வனவு நிலையம் ஒன்றுக்குப் பைதனில் விவசாயிகளின் பதிவுப் படிவம் எழுதுவதாக வைத்துக்கொண்டால், முதலில் தொல்லை தருபவை பெயர்ப் பெட்டியும் அடையாள அட்டை இலக்கப் பெட்டியுமே. அவற்றுள் நுழைவதைக் கவனிக்க, பைதனில் சாளரங்களும் பெட்டிகளும் அமைக்க உதவும் டிகின்டரில் பைண்ட் (bind), டிரேஸ் (trace), வேலிடேட்கமாண்ட் (validatecommand) என மூன்று வழிகள் உள்ளன.

பலரும் முதலில் கைவைப்பது, விசை அழுத்தம் போன்ற நிகழ்வோடு ஒரு செயற்கூறை (function) இணைக்கும் பைண்ட். விசை அழுத்தப்படும் கணத்தில் பெட்டியைப் படித்தால் அந்த எழுத்து இன்னும் சேர்ந்திருக்காது என்பதால், ஓர் எழுத்துக் குறைவான விடையே கிடைக்கும். விசை விடுபடும் நிகழ்வுக்கு மாற்றினால் இது தீரும். எனினும் மவுஸால் ஒட்டிய உரை அப்போதும் தப்பிவிடும். எண்டர் விசையைக் கவனிப்பதற்கு மேல் வேறெதற்கும் இதை நான் நம்புவதில்லை.

தட்டச்சு, ஒட்டுதல், நிரலே எழுதுதல் ஆகிய எல்லா மாற்றங்களையும் டிரேஸ் காட்டும் என்பதால், பிழை எங்கே என்று தெரியாத கட்டத்தில் அதுவே சிறந்தது. ஆனால் அது கவனிப்பது பெட்டியோடு இணைத்த ஸ்ட்ரிங்வார் (StringVar) என்ற மாறியை; அந்த மாறியைச் செயற்கூறுக்குள் மட்டும் வைத்திருந்தால், செயற்கூறு முடிந்ததும் அது அழிந்து, டிரேஸும் சத்தமின்றி நின்றுவிடும்.

தவறான உள்ளீட்டை நுழையுமுன்பே மறிக்கவென்றே அமைந்தது வேலிடேட்கமாண்ட். மர்மமான பிழைகள் அதிகம் தருவதும் அதுதான். உண்மை அல்லது பொய் என்ற விடையைத் திருப்பி அனுப்ப மறந்தாலோ, சரிபார்க்கும் செயற்கூறே பெட்டியின் உரையை மாற்றினாலோ, டிகின்டருக்கு அடியில் இயங்கும் டிகே (Tk) சரிபார்ப்பை அணைத்துவிடும். அப்போது, எப்போது சரிபார்ப்பது என்று சொல்லும் பெட்டியின் வேலிடேட் மதிப்பைக் கேட்டால் 'நன்' (none) என வரும். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் வி அல்லது எக்ஸ் எழுத்தும், 2016 முதலான புதியதில் 12 இலக்கங்களும் இருப்பதால், விசைதோறும் சரிபார்ப்பவர் பாதி எழுதிய இலக்கத்தையும் வெற்றுப் பெட்டியையும் ஏற்கவேண்டும். இல்லாவிடில் முதல் இலக்கமே உள்ளே போகாது. முழு இலக்கத்தையும் பெட்டியை விட்டு வெளியேறும்போது சோதிப்பதே எளிது.

தமிழ்ப் பெயருக்கு நிலைமை இன்னும் மோசம். எழுத்துதானா என்று கேட்கும் பைதனின் இஸ்ஆல்ஃபா, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாக ஏற்பதில்லை என்பதால், அதை வேலிடேட்கமாண்டில் வைத்தால் 'க' நுழையும், 'கா' நுழையாது. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், எட்டு எழுத்துள்ள 'மட்டக்களப்பு' பைதனுக்கு 12 குறியீடுகள். பெட்டியின் நீள வரம்பையும் அந்தக் கணக்கிலேயே வைக்கவேண்டும்.